ஒலியிழந்த ஒரு சொல்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு படிப்பகத்தின் முன்றிலில், வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிப் 'பராசக்தி' படத்தைக் காட்டினோம். இரும்பு உருட்டாலைகளில் பகல் முறை முடித்து வந்த இளைஞர்கள், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து குழந்தைகளுடன் வந்த தாய்மார்கள், பத்தாம் வகுப்பு மாணவர்கள் எனக் கூட்டம் நிறைந்திருந்தது. கோவில் காட்சி வந்தது. அபலைப் பெண்ணை அம்பாள் சந்நிதியிலேயே சூறையாடத் துணிந்த பூசாரியின் முன், சிலைக்குப் பின்னிருந்து குணசேகரன் வெளிப்படுகிறான். சொல்மாரி பொழிகிறது. கூட்டம் மூச்சடக்கிக் கேட்கிறது. அந்த மாரியின் நடுவே ஓரிடத்தில் உதடு அசைகிறது, ஒலி வரவில்லை. கண்ணிமைக்கும் நேரந்தான். மறுகணம் குரல் மீண்டுவிட்டது.

முன்வரிசையில் இருந்த உருட்டாலைத் தொழிலாளத் தம்பி ஒருவன் எழுந்து ஓடிப்போய் ஒலிபெருக்கியின் கம்பியை ஆட்டிப் பார்த்தான். "உட்காரு தம்பி, கம்பியில் குற்றமில்லை. அந்தப் பழுது 1952-இலேயே ஏற்பட்டது" என்றோம். அவன் நம்மை ஐயத்தோடு பார்த்துவிட்டு அமர்ந்தான். படம் முடிந்தபின் கேட்டான்: "ஐயா, அந்த இடத்தில் என்ன சொன்னார்?"

கேட்டது ஒருவன்; விடை தெரியாதோர் பலர். மேடைதோறும் பராசக்தியைப் பேசுகிறோம். அதன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். அந்தப் படம் எத்தனை கத்தரிக்கோல்களின் வாயில் நுழைந்து வெளிவந்தது என்பதை இளைய தலைமுறைக்கு நாம் சொல்லிவைத்தோமா? இல்லை. அக்குறையை ஓரளவேனும் தீர்க்கவே இக்கட்டுரை.

அந்தத் தம்பிக்குரிய விடையை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒலி நீக்கப்பட்ட சொல், 'கல்'.

ஆம், கல்! இரண்டே எழுத்து. அம்மிக்கல் என்கிறோம், ஆட்டுக்கல் என்கிறோம், மைல்கல் என்கிறோம், செங்கல் என்கிறோம். நாவு கூசவில்லை, நாடு கலங்கவில்லை. ஆனால் உளிபட்டு உருவான ஒரு கல்லைச் சுட்டி, அது பேசாது, ஏனெனில் அது கல் என்று ஒரு பாத்திரம் சொன்னால் மட்டும் சட்டத்திற்குக் காது வலிக்கிறது. தணிக்கையாளர் படச்சுருளிலிருந்து உருவத்தை எடுக்கவில்லை, ஒலியை எடுத்தனர். உதடு அகப்பட்டுக்கொள்ளாமல் தப்பிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உதடு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

அரசாங்கத்தின் கத்தரி இதுவெனில், அதற்கு முன்பே படத்தின் மேல் பாய்ந்த கத்தரி ஒன்றுண்டு. அது பணத்தின் கத்தரி. அதன் வரலாறுதான் சுவையானது. பலர் அறியாததும் அதுவே.

பாவலர் பாலசுந்தரம் எழுதிய 'பராசக்தி' நாடகம் மேடையில் பெயர் பெற்றிருந்தது. அதைப் படமாக்க முன்வந்தவர் வேலூர் பி. ஏ. பெருமாள் முதலியார். நேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் படங்களை வெளியிட்டுவந்த வணிகர் அவர். அவரோடு கூட்டுச் சேர்ந்து முதலீட்டையும் படப்பிடிப்பு நிலையத்தையும் தந்தவர் ஏவி.எம். நிறுவனத்தின் தலைவர் மெய்யப்பச் செட்டியார். இயக்கம், கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர். திரைக்கதையும் வசனமும் கலைஞர் மு. கருணாநிதி, அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு. கதாநாயகன் வேடத்திற்குப் பெருமாள் தேர்ந்தெடுத்தவரோ, திரையில் முகம் காட்டியிராத மேடை நடிகர் ஒருவர். அறிஞர் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக வந்து, அந்த நடிப்பிற்காகவே பெரியாரால் 'சிவாஜி' என்று அழைக்கப்பெற்ற வி. சி. கணேசன். நாடகக் கொட்டகைகளில் கணேசனின் குரலைக் கேட்டிருந்த பெருமாளுக்கு, குணசேகரன் இவனே என்பதில் ஐயமில்லை. அவருக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய்.

படப்பிடிப்பு தொடங்கியது. எடுத்த சுருளைப் போட்டுப் பார்த்தார் செட்டியார், முகம் சுளித்தார். பையன் மெலிந்திருக்கிறான், கன்னம் ஒட்டியிருக்கிறது, இவனை நம்பிப் பணத்தைக் கொட்டுவதா? கே. ஆர். ராமசாமியைப் போட்டுப் புதிதாக எடுங்கள் என்பது அவர் கட்டளை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலாளி தலையிட்டார் என்றவுடன், அவர் நம் கருத்துக்குப் பகைவர், ஆகவே தலையிட்டார் என்று எண்ணிவிடுவது நம்மவரிடையே வழக்கம். அது சரியன்று. கே. ஆர். ராமசாமியும் நம் இயக்கத்தின் நடிகரே. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-இல் படமாக வந்து வெற்றிமுரசு கொட்டியபோது அதன் நாயகன் அவரே. செட்டியார் வசனத்தில் கை வைக்கவில்லை. பூசாரிக் காட்சியை எடுக்காதே என்று சொல்லவில்லை. 1947-இல் 'நாம் இருவர்' எடுத்துத் தேசியக் கொடி உயர்த்திய அதே நிறுவனம், ஐந்தாண்டு கழித்துக் கலைஞரின் எழுதுகோலுக்குக் காசு கொடுத்தது. கருத்து எதுவானாலும் விற்கும் என்றால் விற்கலாம். விலைபோகாத கன்னத்தைத்தான் விடமுடியாது!

குறைகண்டால் படத்தைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டுவது செட்டியாரின் பழக்கம். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்கு வேறொருவர் பாட, தமிழ்த்திரையில் பின்னணிக் குரல் என்ற முறைக்கே வழிதிறந்தவர் அவர். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'. வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டு அவர் செவிக்கு நிறைவளிக்கவில்லை. படம் முடிந்த பிறகு, அந்தக் குரலை எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, உதட்டசைவுக்குப் பொருத்தினார். படம் பெருவெற்றி. நடித்தவரின் மனம் என்ன பாடுபட்டது என்று கேட்பாரில்லை. கைத்தொழில் நோக்கில் பார்த்தால் வியக்கத்தக்க துணிவு. ஒரு பெண்ணின் குரலை அவள் வாயிலிருந்தே உருவி எடுத்தது என்று பார்த்தால் வேறு. இரண்டும் மெய்.

ஆக, குரலை மாற்றிப் பழகிய கை, 1952-இல் முகத்தை மாற்ற நீண்டது. அந்தக் கையைத் தடுத்தவர் யார்? கொள்கைவீரர் எவருமல்லர், கூட்டாளி பெருமாள் முதலியார். பணபலத்தில் செட்டியாருக்கு நிகராகாதவர். அவர் நிலையத்தில், அவர் கருவிகளைக் கொண்டு, அவர் பங்குப் பணத்தில் எடுக்கப்படும் படம். ஆயினும் அவர் அசையவில்லை. கணேசன் இல்லையேல் படமில்லை என்று நின்றார். அண்ணாவும் கணேசன் பக்கம் நின்றார். முடிவு, ஒரு சமரசம். நடிகர் நீடிக்கட்டும், உடல் தேறட்டும். கணேசனின் கன்னம் நிரம்பிய பின், முன்னெடுத்த காட்சிகள் பலவற்றைத் திரும்ப எடுத்தனர்.

இதில் செட்டியார் தோற்றார், பெருமாள் வென்றார் என்று ஒரே வரியில் முடிக்க எமக்கு மனமில்லை. திரும்ப எடுக்கச் செலவழித்த பணத்தில் செட்டியாரின் பங்கும் உண்டு. திரும்ப எடுத்ததால் படத்திற்கு நன்மையே நேர்ந்திருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. அன்று பெருமாள் தலையசைத்திருந்தால், பராசக்தி என்ற பெயரில் வேறொரு படம் வந்திருக்கும், அதே வசனத்தோடு, அதே கதையோடு. அது இதுவாக இருந்திராது. கணேசனும் அந்த நன்றியை மறக்கவில்லை. பெரும்புகழ் எய்திய பின்னும் பொங்கல்தோறும் சீர்வரிசையுடன் வேலூர் சென்று பெருமாள் வீட்டு வாயிலில் நின்றார். அவர் முதன்முதலாகக் காமிராவின் முன் பேசிய சொல் 'சக்சஸ்'. அந்தச் சொல்லைச் சொன்ன இடத்திலேயே பிற்காலத்தில் ஏவி.எம். வளாகத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வேண்டாம் என்று தள்ளப்பார்த்த முகத்திற்கு அதே மண்ணில் நினைவுச் சின்னம்! காலத்தின் நகைச்சுவைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நகைச்சுவை அத்தோடு முடியவில்லை. 1954-இல் அதே ஏவி.எம்.மில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப்படம். அதன் நாயகனாக முதலில் நடித்தவர் கல்கத்தாவில் கல்லூரி ஆசிரியராக இருந்த என். விசுவநாதன். காட்சிகள் எடுத்தாயிற்று. பிறகு அவை நிறைவளிக்கவில்லை என்று சுருளோடு ஒதுக்கப்பட்டன. அவருக்குப் பதிலாக யார் வந்தார் தெரியுமா? இரண்டாண்டுக்கு முன் ஒட்டிய கன்னம் என்று ஒதுக்கப்படவிருந்த அதே கணேசன். விசுவநாதனுக்காக நின்று வாதாடப் பெருமாள் முதலியார் ஒருவர் இல்லை. அவர் திரும்பிப் போனார். 1962-இல் சத்யஜித் ராயின் 'காஞ்சன்ஜங்கா'வில் நடித்தார். தமிழ்நாடு ஒதுக்கியதை வங்கம் ஏற்றது. அவர் நடித்த 'அந்த நாள்' எப்படி இருந்திருக்கும்? நாம் பார்க்கப்போவதில்லை.

முகம், குரல் மட்டுமா, பெயரையும் விட்டுவைக்கவில்லை படமுதலாளிகள். 1948-இல் வெளிவந்த 'அபிமன்யு' படத்திற்கு வசனம் தீட்டியவர் கலைஞர். கொட்டகையில் போய் அமர்ந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இல்லை. ஏ. எஸ். ஏ. சாமி பெயர் மட்டும் இருந்தது. எழுதியவன் இருட்டில் அமர்ந்து, தன் எழுத்துக்குப் பிறர் பெயர் சூட்டப்படுவதைக் காசு கொடுத்துப் பார்க்கும் கொடுமை! ஒரு மாணவனின் கட்டுரையை இன்னொருவன் பெயரில் திருத்திக் கொடுத்தால் வகுப்பே கொதிக்கும். திரைத்தொழிலில் அது அன்று வழக்கம்.

இது நம் நாட்டு முதலாளிக்கு மட்டும் உரிய குணமோ என்று நினைக்கவேண்டாம். கடல் கடந்த அமெரிக்காவில் இதைவிடக் கொடிய கதை ஒன்று நடந்தது. அதை இங்கே விரித்துரைக்க ஒரு காரணம் உண்டு. நம் திருவள்ளூர்ப் பகுதி இளைஞருக்கு அந்தப் படத்தின் பொருளே நெருக்கமானது.

ஆர்சன் வெல்ஸ் 1941-இல் 'சிட்டிசன் கேன்' எடுத்து உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த இளைஞர். அடுத்து அவர் எடுத்தது 'தி மாக்னிஃபிசண்ட் ஆம்பர்சன்ஸ்'. பூத் டார்க்கிங்டன் 1918-இல் எழுதிய புதினம் அதற்கு மூலம். குதிரைவண்டியில் உலாவந்த ஒரு பரம்பரைச் செல்வக் குடும்பம். ஊருக்குள் மோட்டார் வண்டி நுழைகிறது. வண்டியோடு தொழிற்சாலையும் புகையும் புதுப்பணமும் நுழைகின்றன. ஊர் விரிகிறது, நிறம் மாறுகிறது. பழைய மாளிகை சரிகிறது. எண்ணூரில் 1949-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதல், 1998-இல் திருவள்ளூரில் லான்சர் கார் உருவான தொழிற்சாலை வரை, வயலோரத்துச் சிற்றூர்கள் மோட்டாரூர்களாக மாறிய கதையை நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் கண்ணால் கண்டவர்கள். ஏரிக்கரைப் பண்ணையார் வீட்டுத் திண்ணை இடிந்து, அங்கே லாரி நிற்குமிடம் வந்ததைக் கண்டவர்கள். அந்தப் படம் அவர்களுக்குப் புரியாமற் போகாது.

ஆனால் வெல்ஸ் எடுத்த படத்தை அவர்களும் பார்க்கமுடியாது, நாமும் பார்க்கமுடியாது. முதலில் தொகுத்த வடிவம் ஏறத்தாழ 131 நிமிடம். 1942-இல், உலகப்போரின் நடுவே, வெல்ஸ் இன்னொரு படத்திற்காகப் பிரேசில் நாடு சென்றிருந்தார். கலிஃபோர்னியாவின் போமோனா நகரில் மார்ச் 17-ஆம் நாள் படத்தை மக்களிடம் போட்டுக்காட்டி அபிப்பிராயம் கேட்டது ஆர்.கே.ஓ. நிறுவனம். கூட்டத்தில் சிலர் சிரித்தனர், சலித்தனர். அவ்வளவுதான்! முதலாளிகளுக்குக் குலைநடுக்கம். தந்திமேல் தந்தியடித்தும் பயனில்லை. இறுதித் தொகுப்பின் மேல் வெல்சுக்கு இருந்த உரிமை ஒப்பந்தத்திலேயே போய்விட்டிருந்தது. தொகுப்பாளர் ராபர்ட் வைசைக் கொண்டு வெட்டினர், புதுக்காட்சி எடுத்து ஒட்டினர். எல்லாம் இழந்த ஒருத்தி மங்கிய விடுதியறையில் அமர்ந்திருக்க, பழகியவர் வந்து பார்த்துவிட்டுப் போகும் துயரமுடிவை நீக்கி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவர் புன்னகையோடு நடந்துவரும் முடிவைச் சேர்த்தனர். ஜூலையில் வெளிவந்தபோது படம் 88 நிமிடம். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், தன் இசையையும் சிதைத்துவிட்டார்களே என்று தன் பெயரை நீக்கச்சொல்லிவிட்டார். வெட்டி எடுத்த படச்சுருளின் மூலத்தையும் நிறுவனம் அழித்துவிட்டது. எஞ்சிய 88 நிமிடமே இன்றும் பெரும்படைப்பு என்று போற்றப்படுகிறது என்றால், இழந்தது எத்தகையது!

இங்கே அரசாங்கம் வெட்டவில்லை, மதவாதி வெட்டவில்லை. நுழைவுச்சீட்டு விற்குமா என்ற அச்சம் வெட்டியது. அதே அச்சந்தான் வடபழனியில் கணேசனின் கன்னத்தைப் பார்த்தது. போமோனாவில் அச்சம் வென்றது. வடபழனியில் ஒரு வேலூர்க்காரர் குறுக்கே நின்றதால் பாதியளவே வென்றது.

பணத்தின் கத்தரிக்கும் அரசின் கத்தரிக்கும் வேறுபாடு இதுவே. பணம், எது விற்காது என்று பார்க்கிறது. அரசு, எது விற்றுவிடுமோ என்று பார்க்கிறது. கணேசனின் முகம் விற்காது என்று முதலாளி அஞ்சினார். 'கல்' என்ற சொல் நாடெங்கும் விற்றுவிடும் என்று தணிக்கையாளர் அஞ்சினர். முன்னவர் கணக்கு தவறியது. பின்னவர் கணக்கு தவறவில்லை, மக்கள் அந்தச் சொல்லை ஏற்கத் தயாராகவே இருந்தனர். எனவேதான் அதன் ஒலியை எடுத்தனர்.

அந்த ஆண்டின் அரசியலை நினைவில் கொள்க. 1952 தொடக்கத்தில் நடந்த பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. பெரும்பான்மையில்லை. ஏப்ரலில் ஆச்சாரியார் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே பள்ளியைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்ற கல்வித்திட்டம் கொண்டுவந்தவர் அவர். பள்ளியில் பணியாற்றும் எம்போன்றோர் அந்தத் திட்டத்தை ஒரு வரியில் கடந்துபோவது கடினம், எனினும் இங்கே கடக்கிறோம். 1949 செப்டம்பரில் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. சட்டமன்றத்தில் அதற்கு ஒரு நாற்காலியும் இல்லை. ஆனால் ஊர்தோறும் கொட்டகை இருந்தது. கொட்டகையில் தரை வகுப்பும் பெஞ்சும் இருந்தன. அங்கே அமர்ந்தவனிடம் நேரே பேச ஒரு வெண்திரை இருந்தது.

தீபாவளிக்கு, அக்டோபர் 17-ஆம் நாள், படம் வெளிவந்தது. பாவேந்தர் பாரதிதாசனின் பாட்டோடு தொடங்கிற்று. மதுரையில் புதிதாகக் கட்டப்பட்ட தங்கம் திரையரங்கம் இந்தப் படத்தைக்கொண்டே திறக்கப்பட்டது. வசனப் புத்தகங்கள் விற்றன. இசைத்தட்டுகளில் நீதிமன்றக் காட்சி ஒலித்தது. சென்னை மூர் மார்க்கெட் வாயிலில் வித்தை காட்டுவோர் கூட்டம் சேர்க்கக் குணசேகரனின் வசனத்தை முழங்கினர். எழுத்தறியாதவனும் அடுக்குமொழியை நாவில் ஏற்றினான். இதைக் கண்டு பொறுக்காதவர்கள் தடைசெய் தடைசெய் என்று கூக்குரலிட்டனர். படத்தையும் கலைஞரையும் கேலிசெய்து ஏடொன்று 'பரப்பிரம்மம்' என்று எள்ளியது. அந்தப் பெயரையே தலைப்பாக்கி நாடகம் எழுதி மேடையேற்றினார் கலைஞர். சான்றிதழ் பெற்ற படத்தையே மறுபடி ஆய்வு செய்யவேண்டும் என்று அழுத்தம் எழுந்தது. ஆயினும் படம் தடைப்படவில்லை. ஒரு சொல்லின் ஒலி போயிற்று, படம் நின்றது.

படம் நின்றது எதனால்? வசனத்தால் மட்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அன்று படிப்பகத்தில் நாம் கண்டது வேறு. இரங்கூனில் வாழும் மூன்று அண்ணன்மார். மதுரையில் தங்கையின் திருமணம். உலகப்போர் மூண்டுவிட, கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. அந்தக் காட்சியில், கோவில் காட்சி வருவதற்கு வெகுமுன்னரே, முகாம் தாய்மார்களின் வரிசையில் விம்மல் எழுந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன்மேல் குண்டு விழுந்தபின் பர்மாவைவிட்டுக் காட்டுவழியே நடந்து செத்த தமிழர் கணக்கற்றோர். அவர்கள் கதை அது. ஆனால் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்து, கும்மிடிப்பூண்டியில் முப்பதாண்டுக்கு மேலாகக் குடிலில் வாழ்பவருக்கு, அது பர்மா கதையாகவா தெரியும்? சொந்த நாடென்று நம்பி வந்த கரையில் குணசேகரன் முதலில் காண்பது பிச்சைக்காரரை. அடுத்து இழப்பது கைப்பொருளை. ஒரு மூதாட்டி, "எங்களை நாங்களே பாத்த மாதிரிக் கிடக்கு, தம்பி" என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

படத்தில் குறையில்லையா? உண்டு. கலியாணி கண்ணீரின்றி ஒரு காட்சியும் வருவதில்லை. கணவன் இறக்கிறான், தந்தை இறக்கிறார், கயவர் துரத்துகின்றனர். அவள் ஓடுகிறாள், அழுகிறாள், இறுதியில் குழந்தையை ஆற்றில் எறிகிறாள். அவளுக்காக வழக்காடும் உரிமையும் அண்ணனுக்கே. பெண்விடுதலையை மேடையில் முழங்கிய இயக்கத்தின் படத்தில் பெண் தனக்காகப் பேசும் இடம் மிகக்குறைவு. எறிந்த குழந்தை படகில் விழுந்து பிழைத்ததும், செல்வர் வீட்டு விமலா வந்து அனைத்தையும் சரிசெய்வதும் பழைய நாடகத்தின் எச்சங்கள். அந்த இடங்களில் கத்தரி வைத்திருந்தால் எமக்கு வருத்தமில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அவரோடு நாம் உடன்படவில்லை. நமக்குப் பிடிக்காததை வெட்டலாம் என்றால், பிடிக்காதோர் பட்டியல் எங்கே போய் முடியும்?

இந்தக் கேள்வி நம்மையே திரும்பிக் குத்தும் ஓரிடமும் வரலாற்றில் உண்டு. அதை மறைத்தால் நாம் பகுத்தறிவாளர் ஆகோம். 1987-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் எடுக்கப்பட்டது. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறும் படம். அதன் கருத்து எமக்கு வேம்பினும் கசப்பு. சென்னை உயர்நீதிமன்றம் அதன் சான்றிதழை நீக்கியது. உச்சநீதிமன்றத்திற்கு வழக்கு சென்றபோது, படம் ஓடினால் கலவரம் மூளும் என்று வாதிட்டது தமிழ்நாட்டு அரசு. அப்போது அரியணையில் இருந்தது யார்? 1989 சனவரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்த கழகமே. கூட்டத்தின் கோபத்திற்கு அஞ்சிப் பேச்சுரிமையைப் பறிக்கக்கூடாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று 1989 மார்ச் 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துப் படத்தை விடுவித்தது. 1952-இல் நம்மை நோக்கி நீட்டப்பட்ட அதே வாதம், 'கலவரம் வரும்' என்ற வாதம், 37 ஆண்டு கழித்து நம் பக்கத்திலிருந்து கிளம்பியது. அந்தப் படத்தைக் கருத்தால் எதிர்த்து ஆயிரம் கட்டுரை எழுதியிருக்கலாம், எழுதியிருக்கவேண்டும். காட்டாதே என்று கேட்டது பிழை. இதைச் சொல்வதால் சில தோழர்கள் எம்மேல் சினங்கொள்வர். சினம் ஆறியபின் பராசக்தியின் கோவில் காட்சியை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

படிப்பகத்துச் செய்திக்குத் திரும்புவோம். ஒலியிழந்த சொல் எது என்று சொன்னதும் அந்த உருட்டாலைத் தம்பி சற்று நேரம் யோசித்தான். பிறகு ஒரு யோசனை சொன்னான். இப்போது கைபேசியிலேயே ஒலியை வெட்டி ஒட்டும் வசதி வந்துவிட்டது. ஒரு சொல்தானே, அந்த இடத்தில் யாராவது பேசிச் சேர்த்துவிடலாமே, அடுத்தமுறை முழுதாகக் காட்டலாமே என்றான். உடனே வாதம் மூண்டது. சேர்க்கலாம், பறித்ததை மீட்பது நம் உரிமை என்றனர் பாதிப்பேர். கூடாது என்றனர் மற்றோர். கணேசனின் வாயில் வேறொருவன் குரலை வைப்பது, ஸ்ரீவள்ளியில் செட்டியார் செய்த வேலையைத்தானே நாமும் செய்வதாகும் என்றான் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். முகாமிலிருந்து வந்த அந்த மூதாட்டியோ, படத்தை அப்படியே விடுங்கள், அந்த இடம் வரும்போது உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்றார். இரவு பத்து மணிவரை பேசியும் முடிவாகவில்லை. அடுத்த திரையிடல் திருவள்ளூரில், வரும் திங்களின் இரண்டாம் சனிக்கிழமை; அதற்கு முன் மறுபடியும் கூடுகிறோம்.